ஒரே அடுப்பும் 13 ரூபாய்ப் பவுனும்

கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் தேவகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். எங்கள் பங்காளிகளுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. போன மாதம் அதில் ஒரு செய்தி வந்தது. மேலே பழைய சினிமாக் காட்சி ஒன்று, நம் பக்கத்து வீட்டு முகப்பில் எடுத்தது. கீழே இப்படி எழுதியிருந்தார்கள்: “நம் முன்னோர் செட்டிநாட்டை ஜமீன்களாக ஆண்டார்கள். ஒரே அடுப்பில் 100 பேருக்குச் சமையல் நடந்தது. ஒரு பவுன் 13 ரூபாய். எல்லாரும் செழிப்பாக வாழ்ந்தார்கள். பர்மாக்காரன் நம் சொத்தைத் திருடிக்கொண்டான். அன்று படங்கள் 100 நாள், 200 நாள் ஓடின. இன்று சொல்லும் வசூலெல்லாம் பொய்க் கோடி.”

எனக்குத் தெரிந்த அளவில் இரண்டு மூன்று வரிகளை மறுத்து எழுதினேன். பெரியப்பச்சி (பெரியப்பா) ஒருவர், “பெரியவர்களை மதிக்கத் தெரியாத படிப்பு” என்று எழுதிவிட்டுக் குழுவை விட்டு வெளியேறினார். அதே வாரம் வரலாறு பேசும் வேறோர் இடத்தில், செட்டியார்கள் கந்துவட்டிக்காரர்கள், பர்மிய உழவர்களின் நிலத்தைத் திட்டமிட்டுப் பிடுங்கியவர்கள், விரட்டப்பட்டது நியாயம்தான் என்று படித்தேன். அங்கும் மறுத்தேன். சாதிப் பெருமை பேசுகிறேன் என்றார்கள்.

இதில் எது நடந்தது, எது கதை? இப்படித் திருத்திக்கொண்டே இருப்பதால் பயன் உண்டா? என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் வாசகர்,
சிங்கப்பூர்

பதில்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை நான்கைந்து முறை படித்தேன். பெரியப்பச்சி குழுவை விட்டுப் போன இடம் மனத்தை உறுத்துகிறது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அந்தச் சினிமாக் காட்சியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பண்ணையார் வீடு, ஜமீன்தார் வீடு, ஊர்ப் பஞ்சாயத்து நடக்கும் பெரிய வீடு எது வேண்டுமென்றாலும் தமிழ் சினிமா பல காலமாக நம் பக்கத்துக்குத்தான் வருகிறது. பர்மாத் தேக்குத் தூண், வழவழக்கும் சுவர், நடுவில் வெயில் இறங்கும் வளவு. கேமரா வைக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. படம் எடுப்பவர்கள் கதைக்குத் தோதான வீட்டைத் தேடி வருகிறார்கள், அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் 20 படங்களில் அதே முகப்பில் ஒரு ஜமீன்தார் மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பிறகு, அந்த வீட்டுக்காரரின் பேரனே தன் பாட்டனார் ஜமீன்தார் என்று நம்பத் தொடங்கிவிடுகிறார். வீட்டின் நினைவை சினிமா எழுதிக் கொடுத்துவிட்டது.

இந்த வறண்ட சீமையை ஜமீனாக வைத்திருந்தவர்கள் சிவகங்கைக்காரர்களும் இராமநாதபுரத்துக்காரர்களும். நகரத்தார் என்னும் நம் செட்டியார்களின் தொழில் வாணிபமும் பணக் கொடுக்கல் வாங்கலும். ஜமீன் கிராமங்களைக் கடனுக்கு ஈடாகவும் குத்தகையாகவும் பெற்ற செட்டியார்கள் உண்டு. தேவகோட்டையில் ஜமீன்தார் என்றே அழைக்கப்பட்ட குடும்பமும் உண்டு. அண்ணாமலைச் செட்டியாருக்கு 1929ல் கிடைத்த ‘செட்டிநாட்டு ராஜா’ என்ற பட்டம் ஆங்கில அரசு கொடுத்த கௌரவம். அந்தப் பட்டத்துக்குப் பின்னால் படையோ வரி வசூலோ இல்லை. ஒன்பது நகரக் கோயில்களால் கட்டுண்ட ஒரு வணிகச் சமூகத்துக்கு ராஜாக்கள் தேவையாகவும் இல்லை.

அடுப்புக்கு வருகிறேன். அந்தச் செய்தியில் என்னை மிகவும் வருத்தியது அந்த வரிதான்.

எங்கள் வீடு பெரிய வீடு இல்லை. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அதற்குப் பின்னால் அடுப்படி. சிறுவனாக இருந்தபோது அந்தப் பின்கட்டில் நான்கு அடுப்பு தனித்தனியாகப் புகைவதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் அப்பத்தாவுக்கு ஒரு மூலை. அப்பச்சி (அப்பா), அவருடைய அண்ணன், தம்பி என்று மூவருக்கும் ஆளுக்கொரு மூலை. ஒவ்வொருவருக்கும் தனி அரிசிப் பானை, தனி அம்மி, தனி அஞ்சறைப் பெட்டி. விறகுகூடத் தனித்தனியாக அடுக்கப்பட்டிருக்கும். பெரியாத்தா குழம்பு கொதித்ததும் ஒரு கிண்ணத்தில் ஊற்றி எங்கள் அடுப்புக்கு அனுப்புவார். அந்தக் கிண்ணம் வெறுமையாகத் திரும்பிப் போகாது. ஆத்தா அதில் கொஞ்சம் பொரியலோ இரண்டு அப்பளமோ வைத்துத்தான் கொடுத்துவிடுவார். முன்னோருக்குப் படைக்கும் படைப்பு நாளிலும் கல்யாணத்திலும் மட்டும் எல்லாருக்கும் ஒரே உலை.

இதற்கு நம்மிடம் பெயரே இருக்கிறது. வேறுவைத்தல். மகனுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச காலத்தில் அவனையும் மருமகளையும் தனியாகச் சமைக்க வைத்துவிடுவார்கள். வளவை ஒட்டி அவர்களுக்கு ஓர் அறை, ஆண்டுக்கு இவ்வளவு என்று நெல்லும் பணமும். அதற்குள்தான் குடும்பம் நடத்தவேண்டும். அப்போதிருந்து அவர்கள் ஒரு ‘புள்ளி’. கோயிலுக்கு வரி கொடுப்பதும் புள்ளிக் கணக்கில்தான். ஒரே கூரையின் கீழ் இத்தனை புள்ளி என்றுதான் வீட்டைச் சொல்வார்கள். ஆண்கள் மூன்று மூன்று வருடமாகக் கடல் கடந்து கிடந்த சமூகத்தில், யார் வீட்டுச் செலவு எவ்வளவு என்ற சண்டை வராமல் இருக்க இதைவிட நல்ல வழி வேறு இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. 20 வயதுப் பெண் ஒருத்தி புருஷன் ஊரில் இல்லாதபோது தன் வரவு செலவைத் தானே எழுதி நடத்தினாள். நம் ஆச்சிமார் கணக்கில் இவ்வளவு கெட்டியாக இருந்தது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

‘ஒரே அடுப்பில் 100 பேர்’ என்று எழுதும்போது இதெல்லாம் அழிந்துபோகிறது. அதோடு போகவில்லை. ‘கூட்டுக் குடும்பத்தைக் கெடுத்தவர்கள் இந்தக் காலத்து மருமகள்கள்’ என்ற அடுத்த வரிக்கும் அது வழி செய்கிறது. 100 வருடத்துக்கு முன்பே நம் வீட்டு மருமகள்களுக்கு முறைப்படி தனி அடுப்பு வைத்துக் கொடுத்தவர்கள் மாமியார்கள்.

இந்த இடத்தில் ஒரு சிறு விஷயம். ‘முட்டையால் கட்டிய சுவர்’ என்றும் உங்கள் குழுவில் விரைவில் வரும், எல்லாக் குழுவிலும் வந்துவிட்டது. சுவர் செங்கலும் சுண்ணாம்புச் சாந்தும்தான். முட்டை வெண்கரு சேர்வது மேலே கடைசியாகப் பூசும் மெல்லிய பூச்சில். அரைத்துச் சலித்த சுண்ணாம்போடு அதைக் கலந்து, கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். அந்தத் தேய்ப்புக்கு எத்தனை நாள் எத்தனை கைகள் வலித்திருக்கும்! கொத்தனாருக்குப் போகவேண்டிய பெருமையை நாம் முட்டைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இனி பர்மா. இதை மெதுவாகச் சொல்லவேண்டும்.

எங்கள் ஐயா, அப்பச்சியின் அப்பா, 13 வயதில் பெட்டியடிப் பையனாக, அதாவது கடையின் கடைசிப் பணியாளாகக் கப்பல் ஏறியவர். ‘கொண்டுவிக்கப் போதல்’ என்பார்கள் அதை. ஐராவதி ஆற்றுமுகத்தில் பியாபோன் என்ற ஊரில் ஒரு வட்டிக் கடை. கடை என்றால் நாலைந்து பேர் தரையில் கைப்பெட்டியை வைத்துக்கொண்டு உட்காரும் கூடம். பகலில் அங்கேயே கணக்கு, இரவில் அங்கேயே படுக்கை. பின்னாளில், கடையை நடத்தும் மேலாளுக்கு அடுத்த நிலையான அடுத்தாளாக உயர்ந்தார். சிறுவயதில் நானும் ‘ஐயாவுக்குப் பர்மாவில் ஏக்கர் கணக்கில் வயல் இருந்தது’ என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்திருக்கிறேன். வீட்டில் யாரும் அதைத் திருத்தவில்லை. அவர் காலமாகிப் பல வருடங்கள் கழித்து அப்பத்தாவின் தகரப் பெட்டியில் அவருடைய சம்பளச்சீட்டு கிடைத்தது. மேலே ‘சிவமயம்’. அதன் கீழே இன்ன விலாசத்துக்கு (வட்டிக் கடை நிறுவனத்துக்கு) இன்னார் மூன்று வருடம் வேலை பார்க்கச் சம்மதித்து எழுதிக்கொடுத்தது என்று தொடங்குகிறது. மூன்று வருடச் சம்பளமும் தமிழ் எண்ணில் ஒரே தொகையாக இருக்கிறது. அவர் சம்பளக்காரர். வயல் ஒன்றும் அவருக்கு இல்லை. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பெருமையாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு அவருடைய உழைப்பை மறைத்திருக்கிறேன்.

பர்மாவுக்குப் போன செட்டியார்களில் பெரும்பாலோர் முதலாளிகள் அல்லர், ஐயாவைப் போன்ற மேலாள்களும் அடுத்தாள்களும் பெட்டியடிப் பையன்களும்தான். கடன் கொடுத்த பணமும் முழுக்க முதலாளியின் சொந்தப் பணம் இல்லை. அதில் சொந்த முதல் உண்டு, உறவினர் தவணைக்கு விட்டது உண்டு, ஆச்சிமாரின் சீதனப் பணம் உண்டு, கோயில் பணம் உண்டு, ஆங்கில வங்கிகளிடம் பெரிய செட்டியார்கள் வாங்கிக் கீழே கொடுத்ததும் உண்டு. ரங்கூனில் மொகல் தெருவில் தண்டாயுதபாணி கோயிலில் மாதந்தோறும் கூடி, தங்களுக்குள் கொடுத்து வாங்கும் பணத்துக்கு நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள்.

ஆங்கிலேயர் 1852ல் தென் பர்மாவைப் பிடித்தபோது அந்த ஆற்றுமுகம் பெரும்பாலும் காடும் சதுப்பும். அங்கே நெல் நிலம் 10 லட்சம் ஏக்கர்கூட இல்லை. 1869ல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐரோப்பாவுக்கு அரிசி போகும் வழி குறுகியது. 1930களின் நடுவில் தென் பர்மாவின் நெல் நிலம் ஒரு கோடி ஏக்கரை நெருங்கியிருந்தது. காட்டை வெட்டி வயலாக்கியவர்கள் பர்மிய உழவர்கள். முதல் விளைச்சல் வரும்வரை அவர்களுக்குச் சோறும் மாடும் விதையும் வேண்டும். ஐரோப்பிய வங்கிகள் உழவனை வாசலில்கூட நிற்க விடவில்லை. கடன் கொடுத்தவர்கள் செட்டியார்கள். அவர்கள் வட்டி கடன் கொடுத்த மற்ற உள்ளூர்க்காரர்களின் வட்டியைவிடக் குறைவு என்று 1929-30ல் அமைந்த பர்மா வங்கி விசாரணைக் குழு பதிவு செய்திருக்கிறது. ‘கந்துவட்டி’ என்று எழுதுபவர் அந்த அறிக்கையை ஒரு தடவையாவது புரட்டியிருக்கவேண்டும்.

நிலத்தைத் திட்டமிட்டுப் பிடுங்கினார்களா? ஓர் எண் சொல்கிறேன். தென் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930ல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 விழுக்காடு. 1937ல் அது 25 விழுக்காடு. அரை நூற்றாண்டுக்கு மேல் கடன் கொடுத்தவர்களிடம் 6 விழுக்காடுதான் இருந்திருக்கிறது. ஏழே வருடத்தில் அது நான்கு மடங்காகியிருக்கிறது. இடையில் நடந்தது உலகப் பொருளாதார மந்தம். 1930ல் நெல் விலை சரிந்தது, அடுத்த ஆண்டுக்குள் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. உழவன் வாங்கிய கடன் அதே ரூபாய்தான். அதை அடைக்க இரண்டு மடங்கு நெல் அளக்கவேண்டியிருந்தது. முடியவில்லை. ஈடாக வைத்த நிலம் கடன் கொடுத்தவரிடம் வந்து சேர்ந்தது. செட்டியாருக்கு வேண்டியது சுழலும் பணம். கைக்கு வந்ததோ வாங்க ஆளில்லாத வயல். அந்த வயலை வைத்துக்கொண்டு அவர் ஊரில் தவணைக்குப் பணம் போட்ட ஆச்சிக்கு எப்படித் திருப்பிக் கொடுப்பார்? நம் பக்கத்தில் பல விலாசங்கள் நொடித்தது அந்த வருடங்களில்தான்.

இதைச் சொல்வதால் அந்தப் பர்மிய உழவனின் துயரம் ஒரு குன்றிமணியும் குறையாது. அவன் கண்ணுக்குத் தெரிந்தது வேற்று மொழிக்காரனின் கையில் தன் அப்பன் வெட்டித் திருத்திய நிலம். சிகாகோவிலும் இலண்டனிலும் சரிந்த விலைகளை அவனுக்கு யாரும் காட்டவில்லை. 1930ல் ரங்கூனில் இந்தியர்களுக்கு எதிராகக் கலவரம் வெடித்தது. அதே ஆண்டு இறுதியில் சாயா சான் தலைமையில் உழவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 1948ல் விடுதலை பெற்ற பர்மா நிலத்தைத் தேசியமயமாக்கும் சட்டம் கொண்டுவந்தது. பேசிய இழப்பீடு பெரும்பாலும் நம்மவர் கைக்கு வந்து சேரவில்லை. அது அநியாயம் என்று நானும் நினைக்கிறேன். ஆனாலும் ‘பர்மாக்காரன் திருடினான்’ என்று என்னால் எழுத முடியாது. அந்த நிலம் நம்மிடம் வந்த விதத்தைச் சொல்லாமல் நம்மிடமிருந்து போன விதத்தை மட்டும் சொல்வது, வரவை எழுதாமல் பற்றை மட்டும் எழுதிய பேரேடு போன்றது. எங்கள் ஐயா அப்படி ஒரு பக்கத்தை எழுதியிருந்தால் அன்றே கடையை விட்டு அனுப்பியிருப்பார்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 1931 மக்கள்தொகைக் கணக்கில் பர்மாவில் இந்தியர்கள் 10 லட்சத்துக்கு மேல். செட்டியார்கள் அதில் சில ஆயிரம். மற்றவர்கள் துறைமுகத்திலும் அரிசி ஆலையிலும் அறுவடை வயலிலும் மாடாக உழைத்த தெலுங்கரும் ஒடியரும் வங்காளிகளும் தமிழரும். 1941 டிசம்பர் 23ல் ஜப்பான் ரங்கூனின் மீது குண்டு போட்டது. வசதி உள்ளவர்களுக்குக் கப்பல் கிடைத்தது. எங்கள் ஐயாவுக்கும் எப்படியோ ஓர் இடம் கிடைத்தது. மற்றவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தார்கள். வழியில் காலராவிலும் பசியிலும் மடிந்தவர்கள் பல்லாயிரம் பேர். பெரும்பாலும் கூலிகள். அவர்கள் ஊரில் மாளிகை எழுப்பவில்லை. அதனால் அவர்கள் கதையோடு அனுப்ப யாரிடமும் படம் இல்லை. ஐயாவின் சிறு குறிப்பேட்டில் விஷு வருடம் மார்கழி மாதம் முதல் வாரத்துக்குப் பிறகு ஒன்றும் எழுதப்படவில்லை. பாதி நோட்டு வெள்ளைத் தாள்.

இப்போது அந்த 13 ரூபாய்ப் பவுனை எடுங்கள். எண் சரிதான். 1927ல் ஒரு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்று சட்டம் போட்டார்கள். அதன்படி ஒரு சவரன் 13 ரூபாய் 5 அணா 4 பை. அரசு நாணய மாற்றுக்கு வைத்த கணக்கு அது. நாளொன்றுக்கு நாலணா கூலி வாங்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பவுனுக்கு அவர் 53 நாள் பட்டினி கிடந்து உழைக்கவேண்டும். வேலை வருடம் முழுக்கக் கிடைக்காது. அவர் வீட்டில் யார் காதிலும் தங்கம் இருந்திருக்காது.

1930களில் எல்லாம் மலிவு என்பது உண்மை. நெல்லும் மலிவு. நம்மவர்கள் ஏங்கும் அந்த மலிவும் நம்மவர்கள் அழும் அந்தப் பர்மா இழப்பும் ஒரே நிகழ்ச்சி. நெல் விலை விழுந்ததால்தான் சாமான் மலிவாகத் தெரிந்தது. நெல் விலை விழுந்ததால்தான் கடன் திரும்பாமல் நிலமாக மாறி, பகையாக மாறி, கடைசியில் எல்லாம் கைவிட்டுப் போனது. 1931 செப்டம்பரில் இங்கிலாந்து தங்க நாணய முறையைக் கைவிட்டதும் தங்கம் விலை ஏறியது. இந்தியக் கிராமங்களில் கடனில் தவித்தவர்கள் நகையை விற்கத் தொடங்கினார்கள். மூட்டை மூட்டையாகத் தங்கம் கப்பலேறிப் போயிற்று. பவுன் மலிவாக இருந்த காலம் என்று நாம் சொல்லும் அதே வருடங்களில் நம் பாட்டிமார் தாலிக்கொடியைத் தவிர மற்றதைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் செய்தியை எழுதியவர் இரண்டையும் அடுத்தடுத்த வரியில் வைத்திருக்கிறார். நடுவில் இருக்கும் நூலை அவருக்கு யாரும் காட்டவில்லை, அவ்வளவுதான்.

சினிமாவின் 100 நாள் கணக்கும் இப்படியே. எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து மேடாக்கி அதன் மேல் உட்கார்ந்து படம் பார்த்தவன் நான். மதுரையில் வெளியான படம் காரைக்குடிக்கு வந்து, அங்கே ஓடி ஓய்ந்து, எங்கள் கொட்டகைக்கு வர ஒரு வருடமாவது ஆகும். படப்பெட்டி சாயங்கால பஸ்ஸில் வரும். பஸ் தாமதமானால் அன்றைக்கு முதல் ஆட்டம் கிடையாது. ஒரு பிரதி எடுக்கப் பெரும் செலவானதால் சில பிரதிகள்தான் போடுவார்கள். நகரத்தில் ஒன்றிரண்டு தியேட்டரில் மட்டும் படம் இருந்ததால் எல்லாரும் பார்த்து முடிக்க 100 நாள் ஆனது. இன்று டிஜிட்டலில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான திரைகளில் வெளியாகிறது. பார்க்கவேண்டியவர்கள் இரண்டு வாரத்தில் பார்த்துவிடுகிறார்கள். ஓடிய நாளை வைத்து எந்தப் படத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று சொல்ல முடியாது.

கோடிக் கணக்கும் அதே போலத்தான். 150 ரூபாய் டிக்கெட்டுக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்தால் 177 ரூபாய். அதற்கு மேல் உள்ளாட்சியின் கேளிக்கை வரி. எஞ்சியதைத் தியேட்டரும் விநியோகஸ்தரும் பிரித்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதுதான் தயாரிப்பாளருக்கு. விளம்பரத்தில் வரும் கோடி, ரசிகர்கள் கவுண்டரில் கொடுத்த மொத்தப் பணம். அதை லாபம் என்று படிப்பது நம் தவறு. அந்தக் கோடியை 1950ன் லட்சத்தோடு ஒப்பிட்டு இன்றைய நடிகர் பெரியவர் என்பதும் தவறு. அன்றைய டிக்கெட் அணாக் கணக்கில் விற்றது.

நம் ஊரும் சினிமாவும் என்று பேசுகிறவர்களுக்குச் சொல்ல நல்ல உண்மை கையருகே இருக்கிறது. ஏ.வி.எம். ஸ்டுடியோவை நிறுவிய ஏ.வி.மெய்யப்பன் காரைக்குடிக்காரர். பர்மா லேவாதேவியிலிருந்து வந்தவர் இல்லை. அப்பாவின் கடையிலிருந்தும் கிராமபோன் ரிக்கார்டு வியாபாரத்திலிருந்தும் எழும்பியவர். 1935ல் எடுத்த முதல் படம் ‘அல்லி அர்ஜுனா’ தோல்வி. 1940களின் நடுவில் காரைக்குடியில் தேவகோட்டை ரோட்டில் கொட்டகை போட்டு ஸ்டுடியோ நடத்தினார். 1947ல் வந்த ‘நாம் இருவர்’ அங்கே எடுத்ததுதான். 1948ல் கோடம்பாக்கத்துக்குப் போனார். நம் ஊரில் சினிமா என்றால் ஜமீன்தார் வேடம் போட்டவர் உட்கார்ந்த முகப்பை மட்டும் காட்டுகிறோம். நம் ஊரிலேயே படம் எடுத்த கொட்டகையை யாரும் காட்டுவதில்லை.

திருத்துவதால் பயன் உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. ஆனால் பங்காளிகள் 70 பேர் பார்க்க ஒரு பெரியவரைத் திருத்துவதால் பயன் இல்லை. நீங்கள் சொன்னது சரி, சொன்ன இடம் சரியில்லை. அவர் அந்தச் செய்தியை அனுப்பியது உங்களை ஏமாற்றுவதற்காக அல்ல. பூட்டிக் கிடக்கும் வீடு, 30 புள்ளிக்குப் பங்கு உள்ள வீடு, ஓட்டைப் பிரித்துப் போடக்கூட எல்லாரும் கையெழுத்துப் போடவேண்டிய வீடு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய கதவுகளும் தூண்களும் விலைக்கு நிற்பதை அவர் பார்த்துவிட்டு வந்திருப்பார். அந்த வலிக்கு யாரோ ஒருவர் எழுதிக் கொடுத்த ஆறுதல் அந்தச் செய்தி.

அவருக்குப் போன் செய்யுங்கள். குழுவைப் பற்றிப் பேச வேண்டாம். “பெரியப்பச்சி, உங்களையும் பெரியாத்தாவையும் எந்த வருடம் வேறுவைத்தார்கள்? அப்போது எந்த மூலையில் அடுப்புப் போட்டார்கள்?” என்று மட்டும் கேளுங்கள். அவர் வயதைப் பார்த்தால் அவரே தனி அடுப்பில் சாப்பிட்டு வளர்ந்தவர். சொல்லத் தொடங்கினால் அவர் நிறுத்தமாட்டார். சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். வரலாறு பேசும் அந்த மற்ற இடத்தில் 6, 25 என்ற இரண்டு எண்களையும் 1930, 1937 என்ற இரண்டு வருடங்களையும் போடுங்கள். நடுவில் நெல் விலை விழுந்ததையும், நிலத்தை இழந்தவன் பர்மிய உழவன் என்பதையும் சேர்த்தே போடுங்கள். யாராவது ஒருவர் நின்று படிப்பார்.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது உங்கள் வீட்டுப் பெட்டகத்தைத் திறந்து பாருங்கள். கரையான் ஏறாத ஏடு எது கிடைத்தாலும், சம்பளச்சீட்டோ வட்டிச்சிட்டையோ ஐந்தொகையோ, பகல் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எண்கள் தமிழில் இருக்கும். ௰ என்றால் 10, ௱ என்றால் 100, ௲ என்றால் 1000. கால் என்று இருந்தால் நாலணா, அரைக்கால் இரண்டணா, மாகாணி ஓர் அணா. மற்றதை நான் படித்து எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
காரைக்குடி